வேலம்மா தலையாட்டிய கதை

ஓணான்கள் கல்லில் உட்கார்ந்தால் கல்லோடு கல்லாகவே கிடந்த அந்தக் காலத்தில், எல்லாப் பிராணிகளும் பேசும். பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்தவும் செய்யாது.

ஒரு நகரத்தின் நடுவே பழைய சந்தையை இடித்து, மண் கொட்டி, எல்லோரும் காற்று வாங்கப் புதிதாக ஒரு திடல் போட்டார்கள். அதற்குப் பெயர் வைக்க வேண்டும். அந்த ஊர் வழக்கப்படி, மண்ணில் முதலில் குடிவந்தவர் தலையசைத்தால்தான் பெயர் செல்லும். முதலில் குடிவந்தவள் வேலம்மா என்ற ஓணான். வந்தவள் சும்மா இருக்கவில்லை, திடலின் நடுவில் குழி பறித்து முட்டையிட்டு மூடியிருந்தாள். பொரிக்கிற நாளும் நெருங்கிவிட்டது.

பெயர் வைக்கிற கூட்டம் சரியாக அந்தக் குழியின் மேலேயே கூடியது!

"இந்த மண்ணெல்லாம் என் முதுகுல வந்ததுதானே? 'பொதிமேடு'ன்னு வையுங்க" என்று கழுதை பொன்னையா குளம்பால் தரையை உதைத்தது. அந்தக் குளம்புக்கு அடியில்தான் வேலம்மாவின் முட்டைகள். 'தள்ளி நில்லுங்கண்ணே' என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பார்கள். முட்டை என்று சொன்னால் போச்சு, எதிரே உட்கார்ந்திருப்பது காகம் கருப்பாயி!

பெயர் முடிவானால் கூட்டம் கலைந்துவிடும் அல்லவா? வேலம்மா சட்டென்று தலையை ஆட்டினாள்.

"அதெப்படி?" என்று காகம் குதித்தது. "இங்க மேடு எங்க இருக்கு? நாங்க சாயங்காலம் கூடுற இடம். 'கூடல் திடல்'னு வை, வேலம்மா." போய்த் தொலையட்டும் என்று அதற்கும் ஆட்டினாள்.

"அப்போ என் பேரு?" என்று வெள்ளாடு முத்தாயி முன்னால் வந்தது. அது சொன்ன பெயர் 'பசும்புல் திடல்'. அங்கே ஒரு புல்கூடக் கிடையாது. இனிமேல் முளைக்குமாம். அதற்கும் ஆட்டினாள்.

மூன்று பேருக்கும் சம்மதம் கிடைத்துவிட்டதால் ஒருவரும் நகரவில்லை. "எனக்குத்தான் முதல்ல ஆட்டினா!" "கடைசியா ஆட்டினதுதான் செல்லும்!" போட்ட கூச்சலில் கழுதை தான் சொன்ன பெயரையே மறந்துபோய், ஆட்டின் பெயருக்காகக் காகத்தோடு மல்லுக்கு நின்றது. யார் கேட்கிறார்கள், எதைக் கேட்கிறார்கள், வேலம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலை கிறுகிறுத்தது. சத்தம் வந்த பக்கமெல்லாம் திரும்பித் திரும்பி ஆட்டினாள். ஐயோ, இவர்கள் போகவே மாட்டார்களா?

அப்போதுதான் கழுதையின் கால்களுக்கு நடுவே மண் பிளந்தது. சின்னச் சின்னத் தலைகள் எட்டிப் பார்த்தன. காகமோ சண்டை மும்முரத்தில் முதுகைக் காட்டி நின்றது. குஞ்சுகள் முதன்முதலில் கண்டது அம்மாவின் முகம். அது ஆடிக்கொண்டிருந்தது. பிழைத்துக் கிடக்க இப்படித்தான் ஆட்ட வேண்டும் போலிருக்கிறது என்று அவையும் ஆட்டின. ஆட்டிக்கொண்டே ஓடித் திடலோரத்து வேலிக்குள் மறைந்தன. காகம் திரும்பிப் பார்த்தபோது வெறும் மண்தான் இருந்தது.

திடலுக்கு இன்றுவரை ஆளுக்கொரு பெயர். அன்று தொடங்கிய ஆட்டத்தைத்தான் ஓணான்களும் இன்னும் விடவில்லை. யார் கிட்டே வந்தாலும் என்ன ஏது என்று கேட்காமலே தலையை ஆட்டுகின்றன: சரி, சரி, நீங்கள் சொன்னதே சரி, முதலில் இங்கிருந்து கிளம்புங்கள்.