கட்டில் மேசைக்கு வந்த ரயில்

குருவுக்குத் தாடி இருக்க வேண்டும் என்று ஆறுச்சாமி எங்கும் படித்ததில்லை. நல்லவேளை. போத்தனூரில் அவருக்கு வாய்த்த குரு நாற்பது வயதுப் பெண். பெயர் தமயந்தி. கையில் எப்போதும் உப்புத்தாள், தலைமுடியில் மரத்தூள். பள்ளிக்கூடங்களுக்கும் பொருட்காட்சிகளுக்கும் மாதிரி ரயில்பாதை செய்து கொடுப்பது அவள் தொழில்.

சீடருக்கோ அறுபது தாண்டிவிட்டது. காலமெல்லாம் நிஜ ரயிலை ஓட்டிவிட்டு, பொம்மை ரயில் கற்றுக்கொள்ள வந்து நின்றார்.

"என்ற கூட்டாளி சாமுவேலுக்காகத்தானுங்க அம்மணி" என்றார். "நான் டிரைவரு, அவன் கார்டு. முன்னாடி நான், பின்னாடி அவன்னு பாதி ஆயுசு ஒரே வண்டியில போச்சு. இப்ப வாதம் வந்து படுத்துட்டான். பேச்சு இல்ல. எடது கை மட்டும் அசையுது. யாரு போனாலும் செவுத்தப் பாத்துத் திரும்பிக்கிறான். கஞ்சி கூட இறங்க மாட்டீங்குது. அவனா மனசு வெச்சாத்தான் உண்டுன்னு டாக்டரு கைய விரிச்சுட்டாருங்க."

"சரி."

"ஒரு ரயில அவன் முன்னாடி கொண்டுபோய் வைக்கோணும். கடையில ஒண்ணு வாங்கிட்டுப் போனேன். விரல் நீளந்தான். அவனுக்குக் கண்ணுல புரை வேற. பல்லி ஓடுதுன்னு நெனச்சானோ என்னமோ!"

"அப்ப பெரிய இன்ஜின்தான் வேணும். எதுமேல வைப்பீங்க?"

"கட்டிலுக்குக் குறுக்கால தள்ளுற மேசை இருக்குதுங்க. அதுமேலதான். மாடிப்படி குறுகல். நானே தூக்கிட்டு ஏறுற மாதிரி இருக்கோணும்."

தமயந்தி அந்த மேசை அளவுக்கு ஒரு பலகையை வெட்டித் தரையில் போட்டாள். பக்கத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரு டீசல் இன்ஜினை வைத்தாள். அட்டையும் கத்தரியும் கொடுத்தாள். "வேணுங்கறத வெட்டி வெச்சுப் பாருங்ணா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனாள்.

ஆறுச்சாமிக்குக் குஷி தாங்கவில்லை. ஸ்டேஷன் வெட்டினார். பாலம் வெட்டினார். ரயில்வே கேட், குகை, தண்ணீர்த் தொட்டி, டீக்கடை என்று ஒரு ரயில்வே கோட்டத்தையே வெட்டிக் குவித்துவிட்டார். எல்லாவற்றையும் பலகையில் அடுக்கிய பிறகு பார்த்தால் இன்ஜினுக்கு இடமில்லை. பாலத்தை நகர்த்தினால் கேட் இடித்தது. ஒரு வளைவு போட்டால் இன்ஜின் மூக்கு பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மனிதருக்கு வேர்த்துக் கொட்டியது.

"பெரிய வண்டிக்குச் சின்னப் பலகை எப்படிங்க அம்மணி பத்தும்?"

டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்த குரு பலகைக்கு முன் குனிந்தாள். குகையைக் கையில் எடுத்தாள்.

"இது எதுக்குங்ணா?"

"அழகா இருக்குமுங்க."

குகை தரைக்குப் போனது. அடுத்துப் பாலத்தை எடுத்தாள்.

"இது?"

"பாலத்துமேல போறப்ப சாமு பாட்டுப் பாடுவானுங்க."

"இப்பப் பாடுவாரா?"

ஆறுச்சாமிக்குச் சுருக்கென்றது. அவரே பாலத்தை வாங்கிக் கீழே வைத்தார். அதற்கப்புறம் மற்றவற்றையும் அவரே எடுத்துவிட்டார். கடைசியில் மிஞ்சியது நேரான ஒரு தண்டவாளம், துண்டு பிளாட்பாரம், இன்ஜின், அதன் பின்னால் ஒரு கார்டு பெட்டி. அவ்வளவுதான்.

"இதுல எங்கீங்க போறது?"

"முன்னாடி கொஞ்சம். பின்னாடி கொஞ்சம்."

"இது ரயிலுங்களா?"

"செஞ்சு பாருங்ணா."

முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தார். கட்டை அடுக்கினார், ஜல்லி ஒட்டினார், விரலை அறுத்துக்கொண்டார். சக்கரம் தடம் புரண்டதென்று குரு ஒருமுறை எல்லாவற்றையும் பிரிக்கச் சொன்னபோது ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தார். சாமுவின் முகம் நினைவுக்கு வந்தது, ஓடவில்லை.

வேலை முடிந்ததும் இருவரும் சாமுவேல் வீட்டுக்குப் போனார்கள். பலகையை ஆறுச்சாமியே மார்போடு அணைத்துக்கொண்டு மாடி ஏறினார். சாமுவேலின் மனைவி எஸ்தர் கதவைத் திறந்தாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த சாமுவேலின் பக்கத்தில் தொடாத கஞ்சி ஆடை கட்டிக் கிடந்தது.

மேசையைத் தள்ளி, பலகையை வைத்து, ஆறுச்சாமி ரிமோட்டை அமுக்கினார்.

"டேய் சாமு, இங்க பார்றா!"

இன்ஜின் விளக்கு எரிந்தது. வண்டி முன்னால் போனது, பின்னால் வந்தது. சாமுவேல் தலையைத் திருப்பினார். பார்த்தார். ஆறுச்சாமி இன்னும் வேகமாக ஓட்டினார். மறுபடி ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார்.

சாமுவேல் கண்ணை மூடிக்கொண்டார். முகம் சுவர்ப்பக்கம் போனது.

ஆறுச்சாமி ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். "தோத்துட்டேனுங்க அம்மணி."

வாசலோரம் நின்றிருந்த தமயந்தி கேட்டாள்.

"யாரக் கேட்டுங்ணா வண்டிய எடுத்தீங்க?"

ஆறுச்சாமிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்து போயிற்று. கார்டு பச்சைக் கொடி காட்டாமல் பிளாட்பாரத்தை விட்டு வண்டியை நகர்த்தியதில்லை என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்ட டிரைவர் அவர். இப்போது கார்டின் மூக்குக்கு நேராகவே, அவரைக் கேட்காமல், அத்தனை முறை எடுத்துவிட்டார்.

வண்டியைப் பின்னால் கொண்டுவந்து பிளாட்பாரத்தில் நிறுத்தினார். ஹாரன் கொடுத்தார். பிறகு ரிமோட்டிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

கீழே தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள். திரும்பியும் வந்தாள்.

சாமுவேல் கண்ணைத் திறந்தார். நிற்கும் வண்டியைப் பார்த்தார். தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் டிரைவரைப் பார்த்தார். போர்வைக்குள்ளிருந்து இடது கை மெல்ல வெளியே வந்தது. ஒரு விரல் நீண்டு வண்டியின் பின்பக்கத்தைக் காட்டியது.

கார்டு பெட்டி பாதி பிளாட்பாரத்துக்கு வெளியே நின்றிருந்தது.

"அடப்பாவி!" என்றார் ஆறுச்சாமி. சர்வீஸ் முழுக்க இதே சண்டைதான். என்னை ஜல்லியில குதிக்கச் சொல்றியா என்று சாமுவேல் கத்தாத நாளில்லை.

வண்டியை இம்மியிம்மியாக நகர்த்திச் சரியாக நிறுத்தினார். விரல் மடங்கியது. பிறகு அந்தக் கை உயர்ந்தது. கொடி அசைப்பதுபோல இப்படியும் அப்படியும் அசைந்தது.

ஹாரன் ஒலித்தது. வண்டி கிளம்பியது.

எஸ்தர் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். ஆறுச்சாமி பொத்திக்கொள்ளாமலே அழுதார். பல நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அப்படியே இறங்கிப் போனது.

அன்று மத்தியானம் வரைக்கும் கார்டு டிரைவரை விடவில்லை. நிறுத்து, எடு, பின்னால் வா என்று கையாலேயே வாட்டி எடுத்துவிட்டார். நடுவில் கஞ்சியும் இறங்கியது.

பலகையை அங்கேயே விட்டுவிட்டு இருவரும் படியிறங்கினார்கள். பாதியில் ஆறுச்சாமி நின்றார்.

"அவன் கை தூக்குவான்னு உங்களுக்குத் தெரியுங்களா அம்மணி?"

"தெரியாதுங்ணா."

"தூக்காமயே இருந்திருந்தா?"

"அப்பவும் கார்டு அவர்தானுங்ணா."