சுண்ணாம்புக் கோட்டின் மேல் நின்றவர்கள்

முன்னொரு காலத்தில் அல்ல, போன மாசிக்கு முந்தின மாசியில், ஒரு தொடக்கப்பள்ளி மைதானத்தில் ஒரு கோடு இருந்தது.

சுண்ணாம்புத் தூளால் போட்ட கோடு. நாலு விரல் அகலம், பன்னிரண்டு எட்டு நீளம். விளையாட்டு விழா அன்று காலையில் பி.டி. வாத்தியார் சவரிமுத்து இரண்டு முளை அடித்து, நடுவே கயிறு இழுத்துக் கட்டி, குனிந்தபடியே தூளைத் தூவிக்கொண்டு போவார். கயிற்றை அவிழ்த்ததும் கோடு கண் திறக்கும். சாயங்காலம் வரை அதற்கு ஒரே வேலைதான். அசையாமல் படுத்திருக்க வேண்டும். ஓடிவரும் பிள்ளைகளில் எந்தக் கால் தன்னை முதலில் தொட்டது என்று சொல்ல வேண்டும். அது யார் வீட்டுக் கால் என்று கோடு ஒருநாளும் கேட்டதில்லை. அதில் அதற்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

கோடு சொன்னதை ஊர் கேட்கச் சொல்வது விசிலின் வேலை. வாத்தியார் கழுத்தில் தொங்கிக்கொண்டு, யார் மூச்சு உள்ளே வருகிறதோ அவர் குரலிலேயே பேசிப் பழகியதால், தனக்கென்று ஒரு குரல் இருந்ததை விசில் மறந்துவிட்டது. கோப்பை பந்தலுக்குள் பூப்போட்ட துணி விரித்த மேசைமேல் இருந்தது. பிளாஸ்டிக்தான். மேலே பொன்னிறம் பூசியிருந்தார்கள். வெயில் படும்போது அதுவே தன்னைத் தங்கம் என்று நம்பிக்கொள்ளும்.

"நாலாம் வகுப்புப் பொண்ணுங்க பந்தயத்துல என்னைத் தூக்கப்போறது யாருன்னு சொல்லட்டுமா?" என்று கோப்பை கேட்டது.

"ஓடட்டும். நானே சொல்றேன்" என்றது கோடு.

"ஓடினாத்தான் உனக்குத் தெரியுமா? முன்வரிசையில யார் உட்கார்ந்திருக்காங்கன்னு பார்த்தா எனக்குத் தெரிஞ்சுபோகும்."

முன்வரிசையில் குணாளன் உட்கார்ந்திருந்தார். ஊரில் பெரிய டைல்ஸ் கடை வைத்திருப்பவர். பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவர். பக்கத்தில் மனைவி ஹேமா. மகள் மிருதுளா நாலாம் வகுப்பு. ஒரு மாதமாக அந்த வீட்டில் பந்தயத்தைத் தவிர வேறு பேச்சில்லை. மூன்றாவது இட்லிக்குக் கை நீட்டினால் பந்தயம். கொஞ்சம் கூடத் தூங்கினால் பந்தயம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அன்றுகூட, பந்தயத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது என்றுதான் குணாளன் நிம்மதிப்பட்டார்.

முதலில் ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் ஓடினார்கள். அப்போதுதான் கோட்டின்மேல் முதல் கால் விழுந்தது. குதிகால் உயர்ந்த ஒரு செருப்பு. மகன் ஓடிவருவதை வீடியோ எடுக்க ஓர் அம்மா, கூட்டத்தை மறித்துக் கட்டியிருந்த கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். ஒரு நிமிஷம்தான் என்று வாத்தியாரிடம் சொன்னாள். அந்த ஒரு நிமிஷத்தைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். அவர்களுக்கும் ஒரு நிமிஷம்தான் தேவைப்பட்டது.

மைக்கில் சவரிமுத்து இரண்டு தடவை கெஞ்சிப் பார்த்தார். தலைமையாசிரியை வசுமதி அவர் அருகே வந்து, பெற்றோர் நம் விருந்தாளிகள், இப்படியா பேசுவது என்று காதோடு கேட்டார். பிறகு அவரே விழாத் தலைவரைக் கூட்டிக்கொண்டு வந்து, கோட்டின் நட்டநடுவில் நிறுத்தி, பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டார். சவரிமுத்து மைக்கை வைத்துவிட்டார். விசிலைப் பல்லுக்கிடையில் வைத்து மென்றுகொண்டிருந்தார்.

"நீயாவது ஊதேன்" என்றது கோடு. அதன் ஓரங்கள் அதற்குள் கலைந்துவிட்டிருந்தன.

"யாரைப் பார்த்து ஊதறது அண்ணாச்சி? எல்லாம் ஃபீஸ் கட்டுற கால்" என்றது விசில்.

நாலாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் வந்து நின்றபோது கோடு கோடாக இல்லை. மாவு கொட்டிய அடுக்களைத் தரை மாதிரி நாலடி அகலத்துக்கு வெள்ளையாகப் பரவிக் கிடந்தது. அதன்மேல் பெற்றோர்கள் போனைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். ஆனாலும் தான் எங்கே பிறந்தோம் என்று கோட்டுக்குத் தெரியும்.

எட்டுப் பேர் ஓடினார்கள். பாதி தூரத்தில் இரண்டு பேர் பிரிந்து முன்னால் வந்தார்கள். ஒருத்தி மிருதுளா. இன்னொருத்தி ரிஸ்வானா. அவள் அப்பா சிக்கந்தர் ஆட்டோ ஓட்டுகிறவர். சவாரிக்கு நடுவில் வந்து காக்கிச் சட்டையோடு கயிற்றுக்கு வெளியே நின்றிருந்தார். கடைசி இருபது எட்டில் ரிஸ்வானா ஒரு கை தூரம் முந்தினாள்.

குணாளன் அதைப் பார்த்தார். கோட்டைத் தாண்டி இரண்டு எட்டு முன்னால் வந்து கையை விரித்து நின்றார். மிருதுளா நேராக அவர் நெஞ்சில் வந்து மோதினாள். அவர் அவளை அப்படியே தூக்கி, ஜெயித்துவிட்டாள் என்று கூட்டத்தைப் பார்த்துக் காட்டினார். பக்கத்தில் ரிஸ்வானா கால்களுக்கு நடுவே வழி தேடி நுழைந்து, பழைய கோடு இருந்த இடத்தை மிதித்துவிட்டு நின்றாள். எங்கே நிற்பது என்று அவளுக்கும் சரியாகத் தெரியவில்லை.

கோடு அவள் பெயரைச் சொன்னது. அதன் வாயின்மேல் பதினாறு கால்கள் நின்றிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

சிக்கந்தர் கயிற்றைத் தாண்டி உள்ளே பாய்ந்தார். கோடு எங்கே என்று கேட்டார். யாரும் சொல்லாததால் செருப்பு முனையால் தானே ஒன்று கீறினார். மகள் ஜெயித்த இடத்திலேயே கீறியிருந்தால் போதும். அவரோ குணாளன் நின்ற இடத்துக்கும் ஓர் எட்டு முன்னால் கீறினார். நியாயம் தன் பக்கம் இருந்தபோதே பொய்யையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். அதைப் பார்த்து ஒருவர் குடைக்கம்பியால் ஒன்று இழுத்தார். இன்னொருவர் தண்ணீர்ப் பாட்டிலைச் சாய்த்து ஈரத்தால் ஒன்று போட்டார். பாதியில் தடுக்கி விழுந்து கடைசியாக வந்த பிள்ளையின் அம்மா, மகள் விழுந்த இடத்துக்கே போய், உண்மையில் பந்தயம் முடிந்தது இங்கேதான் என்று கட்டைவிரலால் கோடு போட்டுக் காட்டினாள். மற்றவர்களும் விடவில்லை. ஆக மொத்தம் எட்டுக் கோடுகள்.

"எந்தக் கோட்டுக்கு ஊதட்டும்?" என்று விசில் பதறியது.

ரிஸ்வானாதான் முதல் என்று சவரிமுத்து மெல்லச் சொன்னார். குணாளன் தன் போனைத் தலைமையாசிரியையிடம் நீட்டினார். ஹேமா எடுத்த வீடியோ. வசுமதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். தொடக்கம் முதல் முடிவு வரை அதில் ஒரே ஒரு பிள்ளைதான் தெரிந்தது. இதில் வேறு யாருமே ஓடவில்லையே என்றார் அவர். கோப்பை மிருதுளாவின் கைக்குப் போனது. போகும்போது அது கோட்டைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

கோட்டில் ஒரு பிடி குணாளனின் ஷூவில் ஒட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனது. எங்கே ஒட்டியிருந்தாலும் கோட்டுக்குக் காது ஒன்றுதான். அதனால் சாப்பாட்டு மேசையில் பேசியதெல்லாம் அதற்குக் கேட்டது. ஹேமா வீடியோவைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பி முடித்திருந்தாள். மதுரையிலிருந்து சித்தி, சென்னையிலிருந்து மாமா என்று வாழ்த்து வந்துகொண்டே இருந்தது. மிருதுளா சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தாள். ரிஸ்வானா தனக்கு முன்னால் போனாள் என்று இரண்டு தடவை சொன்னாள். சாப்பிடும்போது பேசாதே என்றாள் ஹேமா.

மிருதுளா அப்பாவிடம் திரும்பினாள்.

"கோடு எங்கப்பா இருந்துச்சு?"

குணாளன் மகளின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"நான் நின்ன இடம்தான்டா கோடு."

அவர் பாசமாகத்தான் சொன்னார். அந்த வீட்டில் அதுவரை அவர் சொன்ன எதையும் மிருதுளா சந்தேகப்பட்டதில்லை. அன்று சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். மறுநாள் காலை வேலைக்கார அம்மா ஷூவைத் தட்டிச் சுத்தம் செய்தபோது, அந்த ஒரு பிடியும் சாக்கடையோடு போனது.

அடுத்த வாரம் பெற்றோர் சங்கம் கூடியது. எட்டுக் குடும்பமும் எட்டு நியாயத்தோடு வந்தன. ஒவ்வொரு வீட்டிலும் அந்த வாரம் முழுக்க இதே பேச்சு. பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். இரண்டு மணி நேரம் கத்திய பிறகு, இத்தனை சண்டைக்கும் யார் காரணம் என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் யோசித்தார்கள். உள்ளே வந்த கால்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கோடுதான் காரணம் என்று முடிவானது. பிஞ்சு மனசுகளை முதல், இரண்டாவது என்று பிரிப்பது கோடுதானே. அது இருந்ததால்தானே தாண்ட வேண்டியிருந்தது.

குணாளன் புதிய விதியை எழுதி வாசித்தார். இனிமேல் பள்ளியில் முடிவுக் கோடு கிடையாது. தன் பெற்றோர் நிற்கும் இடம்வரை ஓடிவந்து அவர்களைத் தொடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் பரிசு. எல்லோரும் கை தட்டினார்கள். சிக்கந்தர் எழுந்து நின்று தட்டினார்.

மீதிச் சுண்ணாம்பைச் சாக்கோடு கட்டி, மைதானத்தின் மறுகோடியில் இருந்த சாமான் அறையில் போட்டார்கள். பொந்து விழுந்த சாக்கு வழியாகவும் ஜன்னல் கம்பி வழியாகவும் கோடு வெளியே பார்த்துக்கொண்டு கிடந்தது.

"வருத்தமா அண்ணாச்சி?" என்று ஆணியில் மாட்டியிருந்த விசில் கேட்டது.

"உனக்கு?"

"எனக்கென்ன? இனி எப்ப ஊதினாலும் சரிதான்."

கோப்பைக்குத்தான் கொண்டாட்டம். அடுத்த விழாவுக்கு அது எட்டாகப் பிறந்து மேசையில் வரிசையாக நின்றது.

மறு மாசியில் அதே எட்டுப் பேர் ஐந்தாம் வகுப்பு. ஒத்திகையில் முதல் நாள் பெற்றோர்கள் பழைய கோடு இருந்த இடத்தில்தான் நின்றார்கள். இரண்டாம் நாள் ஓர் அம்மா, பிள்ளைக்கு இருமல் என்று இரண்டு எட்டு முன்னால் வந்தாள். தன் பிள்ளைக்கு மட்டும் தூரம் கூடுவதை யார்தான் பொறுப்பார்கள்? இன்னொருவர் மூன்று எட்டு வந்தார். சிக்கந்தர் பத்து எட்டு வந்தார். விதியில் எங்கே நிற்க வேண்டும் என்று எழுதவில்லை. நாளுக்கு நாள் நெருங்கி வந்து, விழா அன்று எட்டுக் குடும்பமும் புறப்படும் இடத்துக்கு ஒரு முழ தூரத்தில், கையை நீட்டினால் பிள்ளை அகப்படும்படி வந்து நின்றுவிட்டன. வெயிலில் யாரும் ஓட வேண்டியதில்லை என்பதால் அது சௌகரியமாகவும் இருந்தது.

விசில் ஊதியது.

ஏழு பிள்ளைகள் முன்னால் சாய்ந்தார்கள். ஏழு பேரும் ஜெயித்தார்கள். ஹேமா வீடியோப் பொத்தானை அமுக்குவதற்குள் பந்தயம் முடிந்திருந்தது.

மிருதுளா சாயவில்லை. விரித்திருந்த அப்பாவின் கைக்கு அடியில் குனிந்து நுழைந்து ஓடினாள்.

முதலில் கூட்டம் சிரித்தது. பிள்ளைக்கு விதி மறந்துவிட்டது என்று நினைத்தார்கள். குணாளன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், பிறகு அதட்டினார். அவள் பாதி மைதானத்தைத் தாண்டியிருந்தாள். ரிஸ்வானாவும் அப்பாவின் பிடியிலிருந்து திமிறி இரண்டு எட்டு வைத்தாள். சிக்கந்தர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். அதுதான் ஜெயித்தாயிற்றே, இனி எங்கே போகிறாய் என்று கேட்டார். அவள் மிருதுளா போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மிருதுளாவுக்கு எங்கே நிற்பது என்று தெரியாது. காட்டவும் ஒன்றும் இல்லை. அதனால் மைதானம் தீரும்வரை ஓடினாள். சாமான் அறையின் சுவர் வந்ததும் இரண்டு உள்ளங்கையாலும் அதை அறைந்து நின்றாள். உள்ளே சாக்கு அதிர்ந்து, பொந்து வழியாகக் கொஞ்சம் தூள் தரையில் கொட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வாங்கிய மூச்சைக் கோடு கேட்டுக்கொண்டிருந்தது. அந்த ஒரு வருஷத்தில் அது கேட்ட ஒரே பந்தயம் அதுதான். சற்றுப் பொறுத்து அவள் திரும்பி, பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். தூரத்தில் பந்தலும் பெற்றோர்களும் ஏழு கோப்பைகளும் தெரிந்தன. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்து திரும்பினாள்.

அவளுக்குக் கோப்பை கொடுப்பதில் சிக்கல் வந்தது. பெற்றோரைத் தொட்டால்தானே பரிசு, அவள் தொடவில்லை. ஏழு குடும்பமும் விதியைச் சுட்டிக் காட்டின. விதியின் அடியில் குணாளனின் கையெழுத்தே இருந்தது. அவர் மகளை இழுத்துக்கொண்டு காருக்குப் போனார். எட்டாவது கோப்பையை விழாத் தலைவருக்கு நினைவுப் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் வசுமதி தன் அழகான கையெழுத்தில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்:

ஐந்தாம் வகுப்பு மாணவியர் ஓட்டப்பந்தயம். முதல் பரிசு, ஏழு பேர். ஓட்டத்தில் கலந்துகொள்ளாதவர், கு. மிருதுளா.