விறகுக்கட்டுக்குள் ஒரு வில்

மலைகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலம். ஒரு மலைச்சரிவில் நாற்பது வேடர் குடிகள் இருந்தன. கதை கேட்க வந்தவர்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள். நின்றுகொண்டு கேட்டால் கதை கால்வழியே இறங்கிப் போய்விடும் என்பது என் நம்பிக்கை.

அந்த ஊர் நடுவில் ஒரு தட்டைப் பாறை இருந்தது. வேங்கைமரம் பூக்கும்போது அங்கே விழா நடக்கும். மான் வேட்டையாடியவர்கள் மட்டும் பாறைமேல் உட்காரலாம். மற்றவர்கள் கீழே நின்று அடுப்பு ஊதவேண்டும்.

முதல் மானைக் கொண்டுவந்தவனுக்கு ஒரு கடமை உண்டு. எந்தக் கருவியால் மானை வீழ்த்தினான், அந்தக் கருவியை யார் கொடுத்தார் என்று பாறைக்கு முன்னால் நின்று சொல்லவேண்டும். கொடுத்தவருக்கு மானின் முன்னங்கால் போகும், பாறைமேல் பக்கத்து இடமும் போகும்.

இன்னொரு விதியும் இருந்தது. வில்லெடுத்த பிறகு மூன்றாவது வேங்கைப் பூவுக்குள் ஒரு மானாவது கொண்டுவராதவன், வில்லை மரத்தில் மாட்டிவிட்டுத் தினைப்புனத்தில் கிளி விரட்டப் போகவேண்டும். அதற்குப் பிறகு அவன் ஆயுசுக்கும் வில்லைத் தொடக்கூடாது.

அந்த ஊரில் கடுவன் என்று ஒருவன். கடுவன் என்றால் ஆண்குரங்கு. தேனெடுக்க மலையுச்சியில் கயிறு கட்டித் தொங்குவதில் அவன் அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தான். ஒருநாள் கயிறு அறுந்து விழுந்தான். எலும்பு பிழைத்தது, துணிச்சல் பிழைக்கவில்லை. இனித் தேனே வேண்டாம் என்று முப்பது வயதில் வில்லெடுத்தான்.

அவன் மனைவி பெயர் தோன்றி. தினைப்புனத்தில் கிளி விரட்டுவது அவள் வேலை. அவள் போடும் கூச்சலுக்குக் கிளிகள் பயந்தன. அவள் பேச்சுக்குக் கடுவன் பயந்தான்.

முதல் வருஷம் கடுவன் தானே மூங்கில் வெட்டி வில் செய்தான். மரல்நாரில் நாண் முறுக்கினான். நூறு அடி தூரத்தில் ஒரு புள்ளிமானைக் கண்டு அம்பை விட்டான். அம்பு பாதி வழியில் களைத்து விழுந்தது.

ஊரில் கருவி செய்து கொடுப்பவன் மூவன். அவன் கடுவனின் வில்லைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "இது வில்லு இல்லப்பா, காஞ்ச குச்சி. எண்ணெய் குடிச்ச வில்லுதான் வளையும்" என்று சொல்லி, நல்ல வில் ஒன்றும் ஒரு சுரைக்குடுக்கை இலுப்பெண்ணெயும் கொடுத்தான். கடுவன் பழைய வில்லைப் பரணில் போட்டுவிட்டு, புது வில்லுக்குக் காலையும் மாலையும் எண்ணெய் தேய்த்தான்.

இரண்டாம் வருஷம் நாணை இழுக்கும் நேரத்தில் காலில் முள் குத்தியது. கடுவன் கத்தினான், மான் ஓடியது. மூவன் புதுத் தோல் செருப்பு ஒரு ஜோடி கொடுத்தான். நடந்தால் கிறீச், கிறீச் என்றது. கடுவனுக்கு அந்தச் சத்தம் மரியாதையாக இருந்தது.

மூன்றாம் வருஷம் அம்பு மானைத் தொட்டேவிட்டது. ஆனால் முனை துருப்பிடித்திருந்ததால் தோலில் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. மூவன் புது முனைகள் கொடுத்தான். கடுவன் அவற்றைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தான். முகம் பார்த்துத் தலை சீவலாம், அவ்வளவு பளபளப்பு.

மூவன் இதையெல்லாம் சும்மா கொடுக்கவில்லை. முன்னங்கால்மேல் மூன்று வருஷமாக அவனுக்கு ஒரு கண்.

எண்ணெய் வந்தது, செருப்பு வந்தது, பளபளப்பு வந்தது. மான் மட்டும் வரவில்லை. முன்பாவது மான் ஓடுவதைக் கண்ணால் பார்த்தான். இப்போது அது ஓடிப்போன இடத்தைத்தான் பார்த்தான்.

ஏன் என்று உங்களுக்குச் சொல்கிறேன், கடுவனிடம் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு மான்கூட்டம் இருந்தது. கூட்டத்துக்குத் தலைவி ஒரு கிழப் பெண்மான். குட்டிகளுக்கு அது தினமும் பாடம் நடத்தியது.

"மூக்கில் இலுப்பெண்ணெய் வாசம் வந்தால் தலையைத் தூக்குங்கள். காதில் கிறீச் கேட்டால் காலை ஊன்றுங்கள். கண்ணில் மின்னல் அடித்தால் ஓடுங்கள். வேடன் என்றால் இந்த மூன்றும்தான்."

மற்ற வேடர்கள் அந்தப் பக்கமே வருவதில்லை. கடுவன் கலைத்துவிட்ட பள்ளத்தாக்கில் என்ன கிடைக்கும் என்று வேறு காட்டுக்குப் போனார்கள். அதனால் மான்கள் நிம்மதியாகத் தின்று கொழுத்தன. அதிலும் ஒரு கொம்புமான் பெரும் சோம்பேறி. "மின்னல் அடிக்கட்டும், அப்புறம் எழுந்திருக்கிறேன்" என்று சொல்லிப் படுத்தே மேயும்.

மூன்றாவது வேங்கையும் பூத்தது. விழாவுக்கு இரண்டு நாள்தான் மீதி. கடுவனுக்குச் சோறு இறங்கவில்லை. கிளி விரட்டுவது கேவலம் என்று அவன் நினைக்கவில்லை, அவன் மனைவி செய்யும் வேலைதானே. ஆனால் தேனையும் விட்டு, மானையும் விட்டவன் என்று பெயர் எடுத்தால் அப்புறம் தன்னைத் தானே எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கலங்கினான்.

அவன் வில்லை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது தோன்றி வந்து நின்றாள்.

"அடுப்புக்கு ஒரு சுள்ளி இல்ல. நாளான்னைக்கு விழா. நீ பாறைமேல உக்காந்தாலும் சரி, கீழ நின்னு அடுப்பு ஊதினாலும் சரி, ரெண்டுக்கும் விறகு வேணும். போய்க் கொண்டா" என்று சொல்லித் தன் கயிற்றையும் சும்மாட்டுத் துணியையும் அவன்மேல் போட்டாள்.

விறகுக்குப் போகிறவனுக்கு வில் எதற்கு, செருப்பு எதற்கு. கடுவன் வெறுங்காலோடு போனான். சுள்ளி பொறுக்கிக் கட்டினான். சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றினான். திரும்பும் வழியில் ஒரு புதரைச் சுற்றியவன் அப்படியே நின்றுவிட்டான்.

பத்தே அடியில் அந்தக் கொம்புமான் படுத்திருந்தது. கடுவனைப் பார்த்தது. வாயில் இருந்த புல்லை மென்றது. மறுபடி வேறு பக்கம் பார்த்தது.

கடுவன் இருமினான். மான் காதை மட்டும் ஆட்டியது. அவன் காலால் தரையைத் தட்டினான். மான் கொட்டாவி விட்டது. மூன்று வருஷம் இந்த மானுக்காக நாயாய் அலைந்தவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னைப் பாத்தா உனக்கு வேடனாத் தெரியலையா?" என்று கேட்டே விட்டான்.

கேட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது. தெரியவில்லைதான். இத்தனை நாளும் அது கடுவனைப் பார்த்து ஓடவில்லை. அவன் பூசியதையும், போட்டதையும், தேய்த்ததையும் பார்த்து ஓடியிருக்கிறது.

மறுநாள் விடிந்ததும் கடுவன் பரணில் கிடந்த பழைய மூங்கில் வில்லை எடுத்தான். துருப்பிடித்த அம்பு ஒன்றைத் தேடி எடுத்தான். முந்தின நாள் கொண்டுவந்த விறகை அவிழ்த்து, நடுவில் இரண்டையும் வைத்துத் திரும்பக் கட்டினான்.

"கயித்தையும் சும்மாட்டையும் இன்னைக்கும் குடு" என்றான்.

தோன்றி இடுப்பில் கை வைத்தாள். "வீட்டுல இருக்கிற விறகைக் காட்டுக்குத் தூக்கிட்டுப் போற ஆள நான் இன்னைக்குத்தான்யா பாக்குறேன். மண்டையில வெயில் ஏதும் அடிச்சிருச்சா?"

"சாயங்காலம் சொல்றேன்."

"சாயங்காலம் விறகு இல்லன்னா நான் சொல்றேன்."

கடுவன் சுமையோடு நடந்தான். காலில் முள் குத்தியது. விறகுக்காரர்கள் செய்வதுபோல் உட்கார்ந்து, முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்தான். ஒரு மானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிழப் பெண்மான் மூக்கை நீட்டிப் பார்த்தது. காய்ந்த விறகு வாசம். காதைத் திருப்பிப் பார்த்தது. வெறுங்கால். கண்ணால் பார்த்தது. மின்னல் இல்லை. "விறகுக்காரன், மேயுங்கள்" என்று சொல்லிவிட்டது.

கொம்புமானுக்கு எதிரே பத்து அடியில் கடுவன் சுமையை இறக்கினான். அதன் பின்னால் களைப்பாற உட்கார்ந்தான். மெதுவாக வில்லை உருவினான், மெதுவாக அம்பை உருவினான். நாணை இழுத்து விட்டான்.

பத்து அடிக்குக் காய்ந்த வில் போதுமாக இருந்தது. பத்து அடிக்குத் துருப்பிடித்த முனையும் போதுமாக இருந்தது. ஒரே அம்பில் மான் சாய்ந்தது.

கடுவன் அதன் அருகில் போய் மண்டியிட்டு, நெற்றியைத் தொட்டு, "பசிக்கு எடுத்தேன், பகைக்கு இல்ல" என்று சொன்னான். அது அவர்கள் வழக்கம். சொல்லும்போது அவன் கண் கலங்கியது. மூன்று வருஷம் பழகிய மான் அல்லவா.

விறகைக் கொட்டிவிட்டு அந்தக் கயிற்றாலேயே மானைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். வாசலில் தோன்றி நின்றிருந்தாள். மானைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், மறுபடி மானைப் பார்த்தாள்.

"விறகு எங்கய்யா?" என்றாள். பிறகு அவளாலும் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே அழுதாள்.

விழா நாள் வந்தது. பாறைமேல் தலைவன் நள்ளனும் வேடர்களும் உட்கார்ந்திருந்தார்கள். மூவன் முன்னங்கால் வாங்கப் பெரிய கூடையே கொண்டுவந்திருந்தான். மேலே தான் உட்காரப்போகும் இடத்தை அவன் ஏற்கெனவே ஊதித் துடைத்தாயிற்று.

கடுவன் எண்ணெய் வில்லோடும் புதுச் செருப்போடும் வந்து நின்றான். விழாவுக்கு அதுதான் அழகு என்று நினைத்திருந்தான், வேறு ஒன்றுமில்லை.

"கருவியச் சொல்லு, கடுவா" என்றான் நள்ளன்.

"அதுல சொல்ல என்ன இருக்கு? கையில இருக்குதே, ஊரே பாக்குதே" என்றான் மூவன்.

கடுவன் கையிலிருந்த வில்லைப் பார்த்தான். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். காட்டில் நடந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. பாறையில் இடம் நிச்சயம். விறகுக்கட்டைப் பற்றிச் சொன்னால் இத்தனை பேரும் சிரிப்பார்கள். சிரித்தால்கூடப் பரவாயில்லை, அது வேட்டையே இல்லை என்று சொல்லிவிட்டால் இன்றே வில்லை மரத்தில் மாட்டவேண்டியதுதான். கூட்டத்தில் தோன்றி ஒன்றும் பேசாமல் நின்றாள். அவள் பேசாமல் நின்று அவன் பார்த்ததே இல்லை.

"இந்த வில்லு இல்லீங்க" என்றான் கடுவன். "பரண்ல கிடந்த பழைய மூங்கில் வில்லு. துருப்பிடிச்ச அம்பு. அதுகூடப் பெருசில்ல. ஒரு விறகுக்கட்டு, ஒரு கயிறு, ஒரு சும்மாடு. அதாலதான் மான் கிடைச்சது. குடுத்தவ என் பொஞ்சாதி தோன்றி." நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். மானிடம் பேசியதையும் சொன்னான்.

பாறையே குலுங்க ஊர் சிரித்தது. மூவன் மட்டும் சிரிக்கவில்லை. "ஐயா, விறகுக்கட்டு வேட்டைக் கருவியா? சும்மாடு வேட்டைக் கருவியா? இது வேட்டையே இல்ல. விதிப்படி இவன் வில்ல மாட்டணும்" என்றான்.

சிரிப்பு நின்றது. நள்ளன் வேடர்கள் பக்கம் திரும்பினான்.

"மானுக்கு முப்பது அடியில போய் நின்னவங்க கை தூக்குங்க." பல கைகள் எழுந்தன.

"இருபது அடி?" இரண்டு கைகள் எழுந்தன.

"பத்து அடி?" ஒரு கையும் எழவில்லை. நள்ளன் தன் கையையே பார்த்துக்கொண்டான், அதுவும் எழவில்லை.

"மான்கிட்ட நெருங்க விடுறது எதுவோ அதுதான் வேட்டைக் கருவி" என்றான் நள்ளன். "இன்னொண்ணும் இருக்கு. மானையே ஏமாத்தினவனுக்கு நம்மள ஏமாத்த எவ்வளவு நேரம் ஆகும்? அந்த எண்ணெய் வில்லக் காட்டியிருந்தா நாம தலையாட்டியிருப்போம். அவன் காட்டல. பாறைமேல பக்கத்துல உக்காந்து கறி பங்கு போட எனக்கு இப்படி ஒரு ஆள்தான் வேணும். ஏறி வா, கடுவா. தோன்றி, நீயும் வாம்மா."

முன்னங்கால் தோன்றிக்குப் போனது. கடுவன் ஒரு விலா எலும்பை எடுத்து மூவன் கூடையில் போட்டான். "உன் எண்ணெயும் செருப்பும் மினுக்கும் மூணு வருஷமா மானுக்குத் தப்பான பாடம் சொல்லிக் குடுத்திருக்கு அண்ணே. அந்த உதவிய மறக்கக்கூடாது" என்றான். கேலியாகச் சொல்லவில்லை, மனதாரச் சொன்னான். மூவனுக்கே கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது.

தோன்றி பாறைமேல் ஏறிச் சும்மாட்டை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். கடுவனும் ஏறினான். கிறீச், கிறீச்.

எதிர்ச்சரிவில் மான்கூட்டம் மொத்தமும் தலை தூக்கி ஒரே ஓட்டம் எடுத்தது. நள்ளனிலிருந்து அடுப்பு ஊதியவன் வரைக்கும் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தோன்றி குனிந்து புருஷன் காலிலிருந்து செருப்பைக் கழற்றி அடுப்புப் பக்கம் எறிந்தாள்.

கதை கேட்டவர்கள் எழுந்திருக்கலாம், போகும்போது இதை எடுத்துக்கொண்டு போங்கள்: நம் வெற்றிக்கு உதவியது எத்தனை எளியதானாலும் அதை மறைக்காமல் ஊரறியச் சொல்கிறவனுக்கே அந்த வெற்றி சொந்தம்.