யாரும் நிற்காத மூலை

மஸ்தான் ராவுத்தர் வாய் திறந்தால் தோல் மண்டியே அடங்கும். தோல் கட்டு சுமந்து சுமந்து மண்டிக்கே முதலாளி ஆனவர். சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை; யாரையும் பேசவிட்டதும் இல்லை. அவர் தலை குனிவது ஒரே ஓர் ஆளிடம்தான். தினமும் விடியல் தொழுகை முடிந்ததும், ஐம்பத்தெட்டு வயதில், முப்பது வயது மார்க்க ஆசிரியர் இல்யாஸ் ஹஜ்ரத்தின் முன்னால் உட்கார்ந்து அலிஃபு, பே என்று அரபி எழுத்து ஓதிக்கொண்டிருந்தார்.

கடைத்தெருவில் அவர் கட்டிய புதுப் பள்ளிவாசலில் மறுநாள் முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை. முந்தின நாள் மாலை, ஹஜ்ரத் திசைமானியைத் தரையில் வைத்துப் பார்த்து, மக்காவின் திசையான கிப்லாவுக்கு ஒரு கோடு போட்டார். இமாம் நிற்கும் மாடத்துக்கு நேராகக் கோடு போகவில்லை. வலப்பக்கம் விலகி, சுவரில் முட்டியது.

ராவுத்தருக்கு முகம் கறுத்தது.

அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் எடுத்த அன்றே ஹஜ்ரத் சொல்லியிருந்தார், ரோட்டுக்கு நேராகக் கட்டினால் மக்காவுக்கு நேராக இருக்காது, கொஞ்சம் திருப்புங்கள் என்று. திருப்பினால் முகப்பில் வாடகைக் கடைகள் வராது. அத்தனை வேலையாட்கள் நடுவிலும் ராவுத்தர் கத்தினார்: "ஓதிக் குடுக்கிறதோட நிறுத்திக்கங்க ஹஜ்ரத். மனை வாங்கினவன் நான்!"

இப்போது குரல் எழும்பவில்லை.

"இவ்வளவு விலகினா தொழுகை கூடாதா?"

"தெரியாம விலகியிருந்தா வேற பேச்சு."

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் சுவரை ஒட்டி நேரா நிப்போம். ஊரே வருது. அடுத்த வாரம் மாத்திக்கலாம்."

"யார்கிட்ட பேரம் பேசறீங்க, ராவுத்தரே?"

"எனக்கு வேற என்ன தெரியும்?"

ஹஜ்ரத் சிரித்துவிட்டார். சுண்ணாம்பில் தோய்த்த கயிற்றின் ஒரு முனையை நீட்டினார். "இதைப் பிடிங்க."

ராவுத்தர் முட்டி போட்டு நகர்ந்து நகர்ந்து கயிறு பிடித்தார். ஹஜ்ரத் அதை இழுத்துச் சுண்டினார். வரிசைக் கோடுகள் எல்லாம் சுவருக்குக் கோணலாக விழுந்தன. முன்னால், வலது மூலையில், ஒரு முக்கோணம் மிஞ்சியது. எந்த வரிசையிலும் சேராத இடம். ராவுத்தர் தேடித் தேடி வாங்கிப் போட்ட பளிங்கு அங்கேதான் பளபளத்தது.

"மண்டிக்காரன் கிப்லாவையே ரோட்டுப் பக்கம் திருப்பிட்டான்னு சிரிப்பானுங்க, ஹஜ்ரத்."

"சிரிப்பாங்க."

"பழியைக் கொத்தனார் ஆறுமுகம் மேல போட்டுடறேன். வெளியூர் போயிட்டான். வந்து கேக்கவா போறான்?"

ஹஜ்ரத் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் பள்ளிவாசல் நிறைந்தது. தொழுது முடிந்து சலாம் கொடுத்ததும், கறிக்கடை ஜபருல்லா நின்ற இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"என்ன ஹஜ்ரத், சுவர் ஒரு பக்கம் பாக்குது, நாம ஒரு பக்கம் பாக்கிறோம்? எந்த மடையன் பார்த்த வேலை இது?"

நாலு பேர் சிரித்தார்கள்.

"அது வந்து... கொத்தனார்..." என்று ராவுத்தர் இழுத்தார்.

"என் தப்பு," என்றார் ஹஜ்ரத்.

சிரிப்பு நின்றது.

"கடைக்கால் எடுத்த அன்னிக்கே எனக்குத் தெரியும். ஒரு தடவை சொன்னேன். ரெண்டாவது தடவை சொல்லப் பயந்துட்டேன்."

"பயமா? யாருக்குப் பயந்தீங்க?" என்றார் ஜபருல்லா.

ஹஜ்ரத் யார் பக்கமும் திரும்பவில்லை.

"அல்லாஹ்வுக்குப் பயப்படலை."

ராவுத்தர் எழுந்தார். எல்லாரும் பார்க்க நடந்துபோய், அந்த வலது மூலைப் பளிங்கில் தலை குனிந்து உட்கார்ந்தார்.