காலையில் சாப்பிடாத மந்தி

காட்டு ஓடையின் கரையில் ஒரு மருதமரம். அந்த மரத்தில் குரங்குக் கூட்டம் ஒன்று குடியிருந்தது. சாம்பல் உடம்பு, கறுத்த முகம், நீளமான வால். அந்தக் கூட்டத்தில் முகிலி என்று ஒரு மந்தி இருந்தாள். அவளுக்கு அது முதல் பிரசவம். மடியில் ஒரு ஆண் குட்டி.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பொழுது விடிந்ததும் எல்லாரும் கொழுந்து பறித்துத் தின்னப் போவார்கள். அப்போது பெற்றவள் மட்டும் குட்டியைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. அக்காளோ தங்கையோ சித்தியோ, யாராவது ஒருத்தி கையை நீட்டி வாங்கிக்கொள்வாள். பெற்றவள் வெறுங்கையோடு போய் வயிறு நிறையத் தின்றுவிட்டு வருவாள். வந்ததும் குட்டிக்குப் பால் கொடுப்பாள். வெயில் ஏறிவிட்டால் எல்லாரும் நிழலில் சாய்ந்துவிடுவார்கள். பேன் பார்ப்பார்கள், தூங்குவார்கள். அப்போது யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள்.

ஒருநாள் காலை முகிலி ஒரு கிளையில் தாவி உட்கார்ந்தாள். கிளை கொஞ்சம் தாழ்ந்தது. பக்கத்தில் இருந்த நெட்டைவாலி சிரித்துவிட்டாள். நெட்டைவாலி அவளுக்குப் பெரியம்மா மகள். அக்காள் முறை.

“பார்த்து உக்காருடி. குட்டிதான் வெளிய வந்துடுச்சே, வயிறு இன்னும் அப்படியே இருக்கு!” என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். முகிலியும் சிரித்தாள். சிரித்துவிட்டு, யாரும் பார்க்காதபோது குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். தொங்கித்தான் இருந்தது. பிள்ளை பெற்ற வயிறு அப்படித்தான் இருக்கும். ஆனால் அதை அவளுக்கு யார் சொல்வது? அவளும் யாரிடமும் கேட்கவில்லை. அந்தப் பேச்சு மட்டும் அவள் மனதில் முள்ளாக நின்றுவிட்டது.

ஓடை ஓரத்தில் தட்டையான பாறை ஒன்று இருந்தது. அதன் மேல் ஒரு உடும்பு தினமும் காலையில் படுத்திருப்பாள். அவள் பெயர் பாறைச்சி. ஒட்டிய வயிறு, வழுவழுப்பான உடம்பு. நடந்தால் தண்ணீர் போவது போல இருக்கும். முகிலி தண்ணீர் குடிக்க இறங்கியபோது அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

என்ன பார்க்கிறாய் என்று பாறைச்சி கேட்டாள். முகிலிக்கு வெட்கமாகப் போயிற்று. கொஞ்சம் தயங்கி, மெதுவாகக் கேட்டாள்.

“உனக்கு மட்டும் எப்படி உடம்பு இப்படி இருக்கு?”

“நான் காலையில ஒண்ணும் திங்கறதில்ல” என்றாள் பாறைச்சி. “வெயில் நல்லா ஏறணும். அப்புறம்தான் வாயைத் திறப்பேன். எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான். ஒரு நோய் நொடி கிடையாது.”

அந்த வழியாகக் கரடி ஒன்று வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதையும் பாறைச்சி கூப்பிட்டுக் கேட்டாள். கரடி நின்று கொட்டாவி விட்டது. தானும் காலையில் எதையும் தொடுவதில்லை என்றது. காலையில் சாப்பிடாமல் படுத்தால்தான் உடம்பு லேசாக இருக்கிறது, வயிற்றுக்கும் ஓய்வு வேண்டும் இல்லையா என்றது. பிறகு அசைந்து அசைந்து போய்விட்டது.

இரண்டு பேரும் சொன்னது பொய் இல்லை. இரண்டு பேரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். முகிலி அதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்தது. நெட்டைவாலி வழக்கம்போலக் கையை நீட்டினாள். வேண்டாம் அக்கா, எனக்குப் பசி இல்லை என்று முகிலி சொல்லிவிட்டாள். மரத்தில் இருந்தால் கொழுந்து வாசனை ஆளை இழுக்கிறது. அதனால் குட்டியைத் தூக்கிக்கொண்டு பாறைக்கு இறங்கினாள். பாறைச்சிக்குப் பேச்சுத் துணை கிடைத்ததில் சந்தோஷம். இரண்டு பேரும் வெயிலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள்.

முதல் நாள் வயிறு கூப்பாடு போட்டது. தண்ணீரைக் குடித்து அடக்கினாள். அதன் பிறகு பழகிவிட்டது. உடம்பு காற்றுப் போல இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. வயிறும் வற்றத் தொடங்கியது. குனிந்து பார்க்கும்போதெல்லாம் அவளுக்குள் ஒரு சிரிப்பு.

ஆனால் உச்சி வெயிலில் மரம் ஏறினால் கொழுந்து எங்கே இருக்கும்? மற்றவர்கள் காலையிலேயே தின்று முடித்திருப்பார்கள். மிஞ்சியது முற்றிய இலைதான். குட்டியை வாங்கிக்கொள்ளவும் ஆள் இல்லை. எல்லாரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஒரு கையால் குட்டியை அணைத்துக்கொண்டு ஒரு கையால் பறித்தால் எவ்வளவு பறிக்க முடியும்? இரண்டு வாய் மெல்லுவாள். அதற்குள் குட்டி சிணுங்கும். விட்டுவிட்டு இறங்கிவிடுவாள்.

குட்டி முதலில் ரொம்ப அழுதது. மார்பைக் கடித்தது, முடியைப் பிடித்து இழுத்தது. போகப் போக அழுகை குறைந்தது. பிறகு அழுவதே இல்லை. பால் குடித்தும் குடிக்காமலும் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது.

முகிலிக்குப் பெருமையாக இருந்தது. என் பிள்ளை எவ்வளவு சமத்தாகிவிட்டான் பார் என்று பாறைச்சியிடம் சொன்னாள். பாறைச்சிக்குக் குட்டி வளர்ப்பதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவள் முட்டையிட்டு மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போகிறவள். ஆமாம் ஆமாம், நல்ல பிள்ளை என்றாள்.

நெட்டைவாலிக்கு மட்டும் என்னவோ போல இருந்தது. மேலே இருந்து ஒரு தரம் கூப்பிட்டாள். குட்டியை எங்கள் கையில் கொடுப்பதே இல்லையே, எங்கள் மேல் ஏதாவது கோபமா என்று கேட்டாள். கோபமெல்லாம் இல்லை அக்கா என்று முகிலி கீழே இருந்தபடியே சொன்னாள். அதற்கு மேல் கேட்க நெட்டைவாலிக்கும் வாய் வரவில்லை.

அப்படி இருக்கையில் ஒருநாள் காலை, கூட்டத்தின் தலைவனான தாட்டான் மர உச்சியில் இருந்து கரகரவென்று இருமினான். சிறுத்தை வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

கொழுந்து தின்றுகொண்டிருந்தவர்கள் ஒரே தாவில் மேல் கிளைக்குப் போய்விட்டார்கள். கீழே பாறையில் முகிலி மட்டும் இருந்தாள். பாறைக்குப் பின்னால் புதர் அசைந்தது. பாறைச்சி மெல்ல நகர்ந்து பாறைப் பிளவுக்குள் புகுந்துவிட்டாள். முகிலி எழுந்தாள்.

தலைக்கு மேலே மருதமரத்தின் கிளை ஒன்று நீண்டு இருந்தது. எத்தனையோ முறை அவள் கண்ணை மூடிக்கொண்டு தாவிய தூரம்தான். தாவினாள். தாவும்போதே கண் இருட்டியது. காலில் உந்துவதற்குத் தெம்பு இல்லை. கிளையைப் பிடிக்க வேண்டிய கை, கிளை நுனியில் ஒரு கொத்து இலையைத்தான் பிடித்தது.

குட்டியும் அவள் வயிற்று முடியை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். குரங்குக் குட்டிக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் விரல்கள் ஒவ்வொன்றாக நழுவின. அது ஒற்றைக் கையில் தொங்கியது.

“அக்கா!” என்று முகிலி கத்தினாள்.

எல்லாரும் மேலே இருக்க, ஒருத்தி மட்டும் கீழே இறங்கினாள். நெட்டைவாலிதான். பின்னங்கால்களால் கிளையைப் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கினாள். ஒரு கையால் குட்டியைப் பறித்தாள். மறு கையால் முகிலியின் கையைப் பிடித்து இழுத்தாள். சிறுத்தை எகிறி அடித்த அடி முகிலியின் வால் நுனியை உரசிக்கொண்டு போயிற்று.

சிறுத்தை கொஞ்ச நேரம் மேலே பார்த்தது. பிறகு ஓடையில் தண்ணீர் குடித்துவிட்டுத் தன் வழியே போய்விட்டது.

நெட்டைவாலி குட்டியை மடியில் வைத்துப் பார்த்தாள். கையில் தூக்கிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

“முகிலி, இவன் ஏன்டி இவ்வளவு லேசா இருக்கான்?”

முகிலிக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. அவள் தன் உடம்புக்கு ஆசைப்பட்டதெல்லாம் குட்டியின் உடம்பில் அல்லவா நடந்திருக்கிறது?

“சமத்தா இருக்கான்னு நெனச்சேன் அக்கா. இப்பெல்லாம் அழறதே இல்ல.”

“அழத் தெம்பு இல்லடி அவனுக்கு.”

முகிலி எல்லாவற்றையும் சொன்னாள். வயிற்றைப் பற்றிய பேச்சையும் சொன்னாள். யார் சொன்ன பேச்சு என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லாமலே நெட்டைவாலிக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சிரிப்புக்காகச் சொன்ன வார்த்தை இவ்வளவு தூரம் வந்துவிட்டதே என்று அவள் கண் கலங்கினாள். எழுந்து போய், கை நிறையக் கொழுந்து பறித்துக்கொண்டு வந்தாள்.

“முதல்ல தின்னு. குட்டி எங்கிட்ட இருக்கட்டும். நீ மெதுவா மென்னு தின்னு.”

முகிலி தின்றாள். தின்னத் தின்ன அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே தின்றாள்.

மறுநாள் அவள் பாறைக்குப் போனாள். இந்தத் தடவை வயிறு நிறையத் தின்றுவிட்டுத்தான் போனாள். பாறைச்சிக்கு முன்பே சேதி தெரிந்திருந்தது. முகிலியின் முகத்தைப் பார்க்க அவளுக்குச் சங்கடமாக இருந்தது. முகிலி கோபப்படவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

“காலையில உனக்குப் பசிக்கவே பசிக்காதா?”

“என் முதுகைத் தொட்டுப் பாரு” என்றாள் பாறைச்சி.

முகிலி தொட்டாள். சில்லென்று இருந்தது. கீழே இருந்த பாறைக்கும் அந்த உடம்புக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

வெயில் பட்டு உடம்பு சுடும்வரை தன்னால் வேகமாக நகரவே முடியாது என்று பாறைச்சி சொன்னாள். அதற்கு முன்னால் ஒரு நண்டைத் தின்றாலும் செரிக்காது, வயிற்றுக்குள்ளேயே கிடந்து கெட்டுப்போகும். ஆகவே அது ஒன்றும் விரதம் இல்லை. அவளுக்கு வேறு வழி இல்லை. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். முகிலியும் ஏன் என்று கேட்கவில்லை.

பிறகு பாறைச்சி மெல்ல முகிலியின் கையைத் தொட்டுப் பார்த்தாள். சட்டென்று விலகினாள்.

“இவ்வளவு சூடா? வெயில் இன்னும் வரவே இல்லையே!”

“எனக்கு எப்பவும் இப்படித்தான்” என்றாள் முகிலி.

“அப்போ உள்ளுக்குள்ளயே உனக்கு ஒரு வெயில் எரியுது. அதுக்கு யாராவது தீனி போடணும் இல்ல? அதுல இருந்துதான் உன் குட்டியும் குடிக்குது. என்னைப் போய்க் கேட்டியே!”

அந்த நேரம் கரடி வந்தது. அதன் மூக்கெல்லாம் தேன். காதில் கரையான் புற்று மண் ஒட்டியிருந்தது. இருட்டியதில் இருந்து விடியும்வரை தின்றுகொண்டே இருந்தேன், இனிமேல் காலையில் வேறு எதற்கு என்று அது சொன்னது. முகிலியும் பாறைச்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கரடிக்குப் புரியவில்லை. தானும் சிரித்துவிட்டுத் தூங்கப் போயிற்று.

இந்தக் கதையைக் கேட்ட தாட்டான், காலைச் சாப்பாட்டை விட்டால் தனக்கு என்ன ஆகும் என்று விசாரித்தான். அவனுக்கு நல்ல தொப்பை. நாள் பூராவும் உச்சிக் கிளையில் உட்கார்ந்து காவல் காப்பதுதான் வேலை. நீங்கள் ஒரு வேளை விட்டால் ஒன்றும் ஆகாது, கிளைக்கும் கொஞ்சம் நிம்மதி என்று நெட்டைவாலி சொன்னாள். அவன் விட்டுப் பார்த்தான். மரம் ஏறும்போது மூச்சு வாங்குவது குறைந்தது. அவனுக்கு அது ஒத்துக்கொண்டது.

முகிலிக்கு ஒத்துக்கொண்டது வேறு. விடிந்ததும் நெட்டைவாலி கையை நீட்டுவாள். முகிலி குட்டியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போவாள். முற்றாத கொழுந்தாகப் பார்த்துப் பார்த்துத் தின்பாள். வயிறு மறுபடியும் கொஞ்சம் வைத்தது. அவள் குனிந்து பார்ப்பதை நிறுத்திவிட்டாள். பார்க்க அவளுக்குக் குட்டி இருந்தது. அதன் கன்னம் மெல்ல மெல்லத் திரும்ப உருண்டு வந்தது.

ஒருநாள் மத்தியானம் எல்லாரும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று மரமே அதிரும்படி ஒரு அழுகைச் சத்தம். தூக்கம் கெட்ட தாட்டான், யார் வீட்டுப் பிள்ளை அது என்று மேலே இருந்து அதட்டினான்.

நெட்டைவாலி எட்டிப் பார்த்தாள். முகிலியின் குட்டி இரண்டு கையாலும் தாயின் முடியை அள்ளிப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தது. முகிலி வலியில் முகத்தைச் சுளித்தபடியே சிரித்துக்கொண்டிருந்தாள்.

“நம்ம பிள்ளைதான்” என்றாள் நெட்டைவாலி. “அவனுக்குப் பசிக்குதாம். கத்தட்டும் விடுங்க.”

ஒரு வேளை உணவை விடுவது நல்லதா கெட்டதா என்பதை அடுத்தவர் உடம்பைப் பார்த்து முடிவு செய்யாமல், தன் உடம்பையும் அதை நம்பி இருக்கும் உயிரையும் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.