ஆகாசத்து வண்டல்

அந்த மலை மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காவி கட்டியவர் சாவுக்கு அழக்கூடாது. அழுதால் காவியைக் குருவிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கிப் போக வேண்டும்.

மகள் இறந்த செய்தி வந்தபோது அறவாழி பூசைக்கு நடுவிலேயே ஊரார் முன்னால் ஓவென்று அழுதுவிட்டார். கனிமச் சோதனைக்கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டுத் துறவுக்கு வந்த மனிதர். அழுகைக்கு அந்தப் படிப்பெல்லாம் தெரியுமா என்ன?

மறுநாள் காலை, மடித்த காவியோடு மொட்டைமாடிக்கு ஏறினார். குரு திலகவதி அம்மா அவரைவிட இருபது வயது இளையவர். மழைத்தண்ணீர்க் குழாயின் வாயில் படிந்த வண்டலைக் காந்தத்தால் துழாவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் உடைஞ்சுபோயிட்டேன். இதை வாங்கிக்கோங்க."

"அங்கே வைங்க. முதல்ல இதைப் பாருங்க."

காந்தத்தில் ஒட்டியதைத் தாளில் தட்டி, லென்ஸை நீட்டினார்.

அறவாழி குனிந்தார். மணலுக்கு நடுவே கறுப்பாக ஓர் உருண்டை. கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அப்படியொரு உருட்சி!

"பக்கத்துல வெல்டிங் பட்டறை ஏதும் உண்டா? அந்தப் பொறியும் இப்படித்தான் உருண்டு விழும்."

"இந்த மலையிலயா?"

அவருக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. "அம்மா... இது ஆகாசத்துத் தூசு. வர்ற வழியில உருகி உருண்டிருக்கு. பூமியைவிட வயசு கூட இதுக்கு."

"உள்ளே என்ன இருக்கும்?"

"இரும்பு, நிக்கல், ஆலிவின்னு ஒரு பச்சைக் கனிமம். விண்கல்லுல இருக்கிற அதே சரக்குதான்."

"எல்லா விண்கல்லும் ஒண்ணுதானா?"

"இல்லை. தூசுல பெரும்பாலும் கரி கலந்த மிருதுவான ஜாதி. அது கல்லா வந்து சேர்றது அபூர்வம். காத்துல மோதினாலே நொறுங்கிடும்."

"கெட்டியான ஜாதி?"

"முழுசா வரும். எங்க கூடத்துல அலமாரி நிறைய வச்சிருந்தோம். பூட்டித்தான்."

"எது அதிகம் வருது?"

"தூசுதான். வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான டன். கல்லு அதுல ஒரு சிட்டிகை. தூசு விழாத கூரையே இல்லைம்மா..." சொல்லிக்கொண்டே வானத்தை அண்ணாந்து பார்த்தார். வெறும் நீலம். அதிலிருந்து இந்த நிமிஷமும் இறங்கிக்கொண்டிருக்கிறது.

வெகுநேரம் கழித்துத்தான் வந்த காரியம் நினைவுக்கு வந்தது.

"காவியை என்ன செய்யட்டும் அம்மா?"

குரு காந்தத்தைத் துடைத்துவிட்டு, மடித்த காவியை அவர் பக்கமே நகர்த்தினார்.

"கீழே வாசல்ல ஒரு பொண்ணு விடியக்காலையில இருந்து உட்கார்ந்திருக்கா. பிள்ளையைப் பறிகொடுத்தவ. நேத்து அழுத சாமியைப் பார்க்கணுமாம். என்னைக் கேட்கலை."