பத்தாம் நாள் முத்திரை

முன்னொரு காலத்தில் கொன்றைநாடு என்றொரு நாடு இருந்தது. வீரகேசரி என்றொரு ராஜா அதை ஆண்டுவந்தார். அவருக்கு வாதம் கேட்பதென்றால் கற்கண்டு, முடிவு சொல்வதென்றால் வேப்பங்காய்.

அந்த நாட்டில் பிள்ளை பிடித்து விற்பவனுக்குப் பத்தே நாள் சிறை. அதை ஆயுள் சிறையாக்க வேண்டும், வாங்குகிறவனையும் துணைபோகிறவனையும் விடக்கூடாது என்று அமைச்சர் ஆதிநாதர் சபையில் சொல்லி ஒன்பது நாளாயிற்று. ஒன்பது நாள்! கல்யாணம்கூட அத்தனை நாள் நடக்காது. அமைச்சர் பதவிமேல் கண் வைத்திருந்த குணசீலர் தினமும் எழுந்து மறுத்தார்.

"வாங்குகிறவன் சோறு போடுகிறான், மகாராஜா. வண்டிக்காரன் பாவம், கூலிக்கு ஓட்டுகிறான். எல்லாரையும் உள்ளே தள்ளினால் ஊரில் யார் மிஞ்சுவார்?"

"அதுவும் நியாயம்தான். நாளைக்கும் பேசுவோம்" என்றார் ராஜா.

ஆதிநாதருக்கு அலுத்துப்போயிற்று. அரண்மனை வாசலில் மாடத்தி என்ற உப்பளத்துக்காரி ஒன்பது நாளாக உட்கார்ந்திருந்தாள். அவள் மகள் செவந்தியைத் தூக்கிப்போன தரகன் சிறையில்தான் இருந்தான். பிள்ளை எங்கே என்று கேட்டால் சிரித்தான். நாளை வெளியே வரப்போகிறவன் எதற்கு வாயைத் திறப்பான்?

பத்தாம் நாள் காலையில் அமைச்சர் வாடிய முகத்தோடு எழுந்தார். "மகாராஜா, தங்கள் வேட்டை நாய்க்குட்டியை யாரோ திருடி விற்றுவிட்டார்கள்."

"என் குட்டியையா!" ராஜா துள்ளி எழுந்தார். "அவனுக்கு என்ன தண்டனை?"

குணசீலர் முந்திக்கொண்டார். "ஆயுள் சிறை! வாங்கினவன், ஒளித்துவைத்தவன், வண்டி ஓட்டினவன், ஒருத்தனையும் விடக்கூடாது!"

"வண்டிக்காரன் கூலிக்கு ஓட்டியிருப்பானே?" என்றார் அமைச்சர்.

"கூலி வாங்கும்போது கண் எங்கே போயிற்று? ஏற்கெனவே நாய்க்குட்டி திருடிச் சிறையில் இருக்கிறவனையும், அந்த நாய்க்குட்டி திரும்பிவரும்வரை திறந்துவிடக்கூடாது!"

சபை கைதட்டியது. அவர் சொன்னதையெல்லாம் எழுத்தர் எழுதினார். அமைச்சர் அந்த ஓலையை வாங்கி, 'நாய்க்குட்டி' என்றிருந்த இடத்திலெல்லாம் அடித்து, 'பிள்ளை' என்று எழுதி நீட்டினார்.

"குட்டி என் வீட்டில் பால் குடிக்கிறது, மகாராஜா. பொய் சொன்னதற்கு என்னைத் தண்டியுங்கள். முதலில் இதில் முத்திரை வையுங்கள்."

"இது கொஞ்சம் அதிகமில்லையா..." என்று இழுத்தார் குணசீலர்.

"நாய்க்கு அதிகமாகத் தெரியவில்லையே உமக்கு!" என்றார் ராஜா. அவருக்கே வெட்கமாக இருந்தது. முத்திரை விழுந்தது.

பிள்ளை வந்தால்தான் கதவு திறக்கும் என்று கேட்டதும் தரகன் கிடுகிடுவென்று கக்கிவிட்டான். துறைமுகத்துக் கிடங்கு! ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். அமைச்சர் மாலை வேண்டாம், இருபது குதிரை வேண்டும் என்றார். முன்னால் போகும் குதிரையில் குணசீலரை ஏற்றி அனுப்பினார் ராஜா.

அன்று மாலை ஏழு பிள்ளைகள் வந்துசேர்ந்தார்கள். மாடத்தி மகளை இறுக்கிக்கொண்டு விட மறுத்தாள். அந்த அணைப்புக்குள்ளிருந்து செவந்தி சொன்னாள்: "இன்னும் அஞ்சு பேரு இருந்தாங்கம்மா. கப்பல்ல ஏத்திட்டாங்க."

"எப்போ கண்ணு?" என்று கேட்டார் ஆதிநாதர்.

"நாலு நாளைக்கு முந்தி."

அந்தக் கப்பல் எந்தப் பக்கம் போயிற்று என்று துறைமுகத்தில் யாருக்கும் தெரியவில்லை. நாலு நாளைக்கு முன்னால் சபையில் என்ன பேசினோம் என்று ஆதிநாதர் யோசித்துப் பார்த்தார். முன்வரிசையில் யார் உட்காருவது என்று பொழுது சாயும்வரை பேசியிருந்தார்கள்.